முதல் வால்வு

எங்கள் ஜீப்பின் எஞ்சினைப் பிரித்து மறுபடி கட்டியது நாங்கள்தான். குரும்பலூரில், எங்கள் வீட்டு வாசலில் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டினோம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என் கணவரைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் கூடமாட எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைப்பவர்களை முன்பெல்லாம் விட்டுவிடுவேன். இப்போது விடுவதில்லை.

அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டிருந்த சமயம் அது. மகள் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். வீட்டில் நாங்கள் மூவரும் அத்தையும். அத்தை என்றால் என் மாமியார். காலையில் தன் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டு வந்து, நான் சமைத்ததில் உப்பு சரியா என்று பார்த்து, சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறவர். அவர் ஒன்றும் சொல்லாத நாட்களில்கூட, ஏன் சொல்லவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான். படிப்பு எனக்கு எதையும் இரண்டு முறை பார்க்கக் கற்றுக்கொடுத்தது. மூன்றாவது, நான்காவது முறை பார்ப்பது என் சொந்தப் பழக்கம். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பத்தடி போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன்.

என் கணவர் அந்த ஜீப்பை வாடகைக்கு ஓட்டினார். டீசல் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக் கல் எங்கே கிடைக்கும் என்று பார்க்க வரும் சர்வேக்காரர்கள் அதில் காடு காடாகப் போவார்கள். வெயில் காலத்தில் அவர்களுக்கு எந்த வண்டியும் போதும். ஐப்பசியில் மழை விழுந்து கரிசல் மண் இளகிவிட்டால் எங்கள் வண்டியை விட்டால் வழி கிடையாது. அந்த மழை மாதங்களை நம்பித்தான் எங்கள் வருஷம் ஓடியது. ஒவ்வொரு முறையும் அவர் டயர் இடுக்கில் மாட்டிக்கொண்டு வரும் கல்லாகிப்போன சிப்பிகளை எடுத்துக் கழுவி மகளுக்கு விளையாடக் கொடுப்பார். அவள் வாயில் வைப்பாள். நான் பிடுங்குவேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே செந்துறைக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. கொஞ்ச நாளாகவே புகை அதிகம். மேடு ஏறத் திணறியது. அன்றைக்கு உள்ளே ‘டங் டங்’ என்று அடித்துவிட்டு அடங்கிவிட்டதாம். ஒரு லாரிக்காரர் பெரம்பலூர் வரை கட்டி இழுத்து வந்து விட்டார். அங்கிருந்து வீட்டுக்கு இழுத்து வந்தது பக்கத்து வீட்டுக்காரரின் டிராக்டர். அவர் என் கணவரை மாப்ள என்று கூப்பிடுவார்; நான் அவரை அண்ணன் என்பேன்.

“என்ன மாப்ள, நாலு வீலும் இழுக்கும்னு பீத்திக்கிட்ட? இப்ப என் வண்டி ரெண்டு வீலுதான உன்ன இழுத்துட்டு வருது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

திருச்சி ஒர்க்ஷாப்பில், விட்டுவிட்டுப் போங்கள், தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்றார்கள். அரியலூரில் சர்வே ஆபீஸ் சார், ஆயுத பூஜை முடிந்த மறு வாரம் வண்டி வேண்டும், இல்லாவிட்டால் திருச்சியிலிருந்து வேறு ஜீப் எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை வேறு வண்டி போய்விட்டால் அந்த இடம் அந்த வண்டிக்காரனுக்குத்தான். என் கணவர் கல்யாணத்துக்கு முன் பாடாலூரில் மெயின் ரோட்டு ஓரம் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள், “வீட்டுலயே பிரிச்சிரலாம்” என்றார்.

பிரித்துவிட்டுச் சேர்க்க முடியாமல் போனால்? குழந்தை நட்டு எதையாவது விழுங்கிவிட்டால்? வாசலில் டீசல் இருக்கும், பக்கத்தில் அடுப்பு எரியும். இதையெல்லாம் கேட்டேன். அவர் பனங்கட்டைகளை முக்காலி மாதிரி நட்டு, பக்கத்து வீட்டு அண்ணனிடம் சங்கிலிக் கப்பி வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் ஜீப்பிலிருந்து எழும்பி, அந்தரத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. மகள் கை தட்டினாள்.

பிரித்த எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினோம். நான் ஒரு வழி செய்துகொண்டேன். சிறிய சாமான் எதுவும் தரையில் இருக்கக் கூடாது. பழைய இட்லித் தட்டுகளில் குழிக்கொரு வகையாக நட்டும் போல்ட்டும் போட்டு, பரண் மேல் வைத்தேன். மகளுக்குப் பால் கொடுக்கும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவுவேன். அத்தை பார்த்துவிட்டு, “கையிலேந்து தோலு உரிஞ்சிரப் போவுது” என்பார்.

எஞ்சினின் அடிப்பாகத்தையும் உள்ளே சுற்றும் கிராங்கையும் திருச்சியில் ஒரு லேத்துக் கடைக்குக் கடைசல் பிடிக்கக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேல்பாகமான ஹெட் வீட்டில் இருந்தது. அதில்தான் வால்வுகள். காற்று உள்ளே வர நாலு, புகை வெளியே போக நாலு. குடைக்காளான் மாதிரி இருக்கும். அதன் விளிம்பு ஹெட்டில் இருக்கும் தன் பள்ளத்தில் கொஞ்சம்கூட இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அப்படி உட்காரவைக்க, விளிம்பில் மணல் மாதிரி நறநறக்கும் பேஸ்ட்டைத் தடவி, அதனதன் பள்ளத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு குச்சி, அதன் நுனியில் ரப்பர் கப். கப்பை வால்வின் தலையில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மோர் கடைவதைப் போல உருட்ட வேண்டும்.

“இது நீ செய்யி” என்றார் என் கணவர்.

“நானா?”

“இதுக்குப் பொறுமை வேணும். எனக்குக் கெடையாது. உன்ன மாதிரி சந்தேகப் பிராணிதான் இதுக்கு லாயக்கு.”

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனாலும் அது எனக்குள் எங்கேயோ போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

முதல் வால்வை எடுத்துச் செய்து காட்டினார். பேஸ்ட் தடவி, வைத்து, உருட்டினார். எடுத்துத் துடைத்து, விளிம்பைக் காட்டினார். “பாரு, சாம்பல் கலர்ல ஒரு வளையம் தெரியுதா? வர ஆரம்பிச்சிருச்சு. சுத்தி முழுசா வரணும், எங்கயும் விட்டுப்போவக் கூடாது. ஒரு வால்வ அதோட பள்ளத்துலதான் போடணும். மாத்திப் போட்டா தேய்ச்சதெல்லாம் வீண்.” அதற்குள் திருச்சி பஸ் வரும் நேரமாகிவிட்டது. வால்வைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்.

நான் ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, பென்சிலால் எண் எழுதி, முதல் ஓட்டையில் அதைச் செருகினேன். இரண்டாவதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தூளிக் கயிற்றைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, கையால் குச்சியை உருட்டியபடி நான் உட்கார்ந்திருந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. முதலில் ‘கரகர’ என்று சத்தம் வரும். உருட்ட உருட்ட அது மெலிந்து, காகிதத்தில் காகிதம் உரசுவது போல ஆகும். துடைத்துப் பார்ப்பேன். வளையம் ஓரிடத்தில் மங்கலாக இருக்கும். மறுபடி. சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை. வேறு எந்த வேலையிலும் இப்படிச் செய்தால் திட்டு விழும். இந்த வேலை அதைத்தான் கேட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, “என்னம்மா, மோர்ல வெண்ண தெரண்டுச்சா?” என்றார். “நீங்க பானையக் கொண்டாங்கண்ணே” என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று பிறகு யோசித்தேன்.

திருச்சியிலிருந்து கிராங்க் வந்து சேரும் முன் ஆயுத பூஜை வந்துவிட்டது.

அத்தைக்கு அது பெரிய விஷயம். அரிவாள், மண்வெட்டி, தராசு, அரிவாள்மணை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக வைப்பார். என்னிடம் வருஷா வருஷம், “உன் பொஸ்தகத்தக் கொண்டா” என்பார். காலேஜ் புத்தகம் ஒன்றைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். அந்த வருஷம் ஜீப்பைப் பார்த்து நின்றார். முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு காலியாக நின்றது.

“வண்டி துண்டு துண்டாக் கெடக்கு. இதுல எதுக்குடா பொட்டு வைக்கிறது?”

“எல்லாத்துக்கும் வைம்மா” என்று என் கணவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். துடைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, வாழை இலையில் என் அட்டை. அதில் எட்டு வால்வும் குத்துவிளக்கு மாதிரிப் பளபளத்தன. ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் புளி, சாம்பல். அத்தை கை கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது வேதியியல்தான். புளி அமிலம், இரும்பு துருப்பிடித்துவிடும். ஓடிப்போய் டீசலில் நனைத்த துணியை எடுத்து வந்தேன். பிறகுதான் அதைவிடப் பெரியது உறைத்தது. தேய்க்க வேண்டுமென்றால் ஓட்டையிலிருந்து வெளியே எடுத்திருக்க வேண்டும்.

“அத்தை, வரிசை எதுவும் மாறலையே?”

“ஏன் மாறுது?”

“இல்ல, எடுத்துத் தேய்ச்சீங்களே...”

“ஒண்ண எடுத்தேன். தேய்ச்சேன், பொட்டு வச்சேன், அதே ஓட்டையில சொருவுனேன். பொறவுதான் அடுத்தத எடுத்தேன். போதுமா?”

போதும் என்று தலையாட்டினேன். அவர் சுண்டல் தாளிக்கப் போய்விட்டார். சுண்டலில் உப்பு சரியா என்றுகூட அன்று என்னிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத்தை பொய் சொல்ல மாட்டார். ஆனால் மறந்திருக்கலாம். நடுவில் யாராவது கூப்பிட்டிருக்கலாம். மகள் தவழ்ந்து போய் ஒன்றை இழுத்திருக்கலாம். இல்லை, மகள் என்னிடம் இருந்தாள். தலை பெரிய வால்வும் சின்ன வால்வும் மாறியிருக்காது, பார்த்தாலே தெரியும். ஆனால் பெரியது நாலும் ஒரே மாதிரி, சின்னது நாலும் ஒரே மாதிரி. கணவரிடம் சொன்னேன். “அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். வுடு” என்றார். கிராங்க் வந்துவிட்டது, அவருக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. பிஸ்டன்களை இறக்கினார். வால்வுகளுக்கு ஸ்பிரிங் போட்டு ஹெட்டில் மாட்டினார்.

ஹெட்டை மூடும் நாள் வந்தது. நடுவில் காற்று கசியாமல் இருக்க வைக்கும் புது கேஸ்கட் தகட்டை எஞ்சின் மேல் விரித்தாயிற்று. அதை ஒரு முறை வைத்து இறுக்கினால் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்; திரும்பப் பிரித்தால் வேறு வாங்க வேண்டும், அதுவும் திருச்சி போய். இரண்டு நாளில் அரியலூருக்கு வண்டி போயாக வேண்டும். ஹெட்டைத் தூக்கப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் இருந்தார்.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

“என்னங்க, மூடறதுக்கு முன்னாடி மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்துரலாமே. ஒழுகுதான்னு பாப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் எண்ணெய். “இப்பவா? எல்லாம் ஓட ஓட அதுவா உக்காந்துக்கும்.”

“ஒரு பத்து நிமிஷம்ங்க.”

“எம்மேல சந்தேகம். அதான?” அத்தையின் குரல் பின்னாலிருந்து வந்தது.

இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று எப்படிச் சொல்வது?

“மாப்ள, ஸ்டார்ட்டரே வேண்டாம் போல. மாமியா மருமவ போடற சத்தத்துலயே எஞ்சின் கெளம்பிரும்” என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

அத்தை குழந்தையை என் கையில் திணித்தார். உள்ளே போனார். கோபித்துக்கொண்டு காட்டுக்குப் போகப் போகிறார் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து என் கணவரின் காலடியில் வைத்தார்.

“ஊத்துடா. எனக்கும் தெரிஞ்சிரட்டும்.”

ஹெட்டைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, காற்றும் புகையும் போகும் வழிகள் மேலே பார்க்கும்படி வைத்தார்கள். என் கணவர் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெயை ஊற்றினார். வால்வின் தலை இருக்கும் பக்கத்தை நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். எங்காவது கசிந்தால் அங்கே ஈரம் தெரியும்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முதல் வால்வின் ஓரத்தில் மெல்லிய ஈரக்கோடு பிறை மாதிரி வந்தது. திரண்டு ஒரு சொட்டு கீழே விழுந்தது.

அத்தை முகம் சுருங்கிவிட்டது. “மாறிப்போச்சா?” என்று அவர் கேட்ட குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தணிந்த குரல்.

நான் மற்றதையெல்லாம் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். இரண்டாவது உலர்ந்து இருந்தது. மூன்றாவதும். கடைசி வரைக்கும் ஒன்றிலும் ஈரமில்லை. அப்போது எனக்குள் எல்லாம் தெளிந்தது. காலேஜ் லேபில் எதிர்பார்த்த நிறம் குழாயில் வரும்போது உடம்பில் ஒரு சிலிர்ப்பு வருமே, அது வந்தது.

“மாறலை அத்தை” என்றேன். “மாறியிருந்தா ரெண்டு ஒழுகணும். இது வேற ஒண்ணோட எடத்துக்குப் போயிருந்தா, அது இதோட எடத்துக்கு வந்திருக்கணும். ஒண்ணுதான் ஒழுகுது. நீங்க வச்சது வச்ச மாதிரியே இருக்கு.”

“அப்ப இது ஏன் ஒழுகுது?” என்றார் என் கணவர். ஸ்பிரிங்கை அழுத்தி அந்த வால்வை வெளியே எடுத்தார். துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் வளையம் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியில் பேஸ்ட் பட்ட அடையாளமே இல்லை.

“இத நீ தேய்க்கலையா?”

“அது நீங்க முடிச்சதுதானங்க?”

“நானா? நான் காட்டித்தான குடுத்தேன்!”

“காட்டிட்டு முடிச்சிட்டீங்கன்னுல்ல நெனச்சேன். நான் ரெண்டாவதுலேந்துதான் ஆரம்பிச்சேன்.”

முதலில் சிரித்தது அத்தைதான். இடுப்பில் கை வைத்து, உடம்பு குலுங்கச் சிரித்தார். “ரெண்டு பேரும் சேந்து ஒண்ண வுட்டுட்டு எம் மண்டையில கட்டப் பாத்தீங்க! நல்லாருக்குடா ஒங்க குடித்தனம்!” சிரித்து முடித்துவிட்டு என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். “ம்... எங்க உங் குச்சி? எடு.”

அங்கேயே, வாசலில், எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து அந்த முதல் வால்வைத் தேய்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் ஹெட்டைத் தூக்கக் காத்துக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைக்கப் போனார். “மண்ணெண்ணெய் இருக்குண்ணே” என்று ஒரு அதட்டல் போட்டேன். அதைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். வளையம் முழுசாக வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் உருட்டினேன். யாரும் போதும் என்று சொல்லவில்லை. மாட்டி, மறுபடி ஊற்றிப் பார்த்தோம். எட்டும் உலர்ந்து இருந்தன. இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நான் வாயெடுக்கும் முன் என் கணவரே, “இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கட்டும், பாத்துக்கலாம்” என்றார்.

பிறகு அவர் சொன்னார்: அப்படியே மூடியிருந்தால் கிளம்பியிருக்கும், ஓடியும் இருக்கும். மழையில், காட்டுக்கு நடுவில், நாலு சக்கரமும் இழுக்க எஞ்சினின் முழு பலமும் வேண்டிய நேரத்தில் கைவிட்டிருக்கும். வால்வும் கருகிப் போயிருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதைப் பல தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் எஞ்சினை ஜீப்பில் இறக்கி மாட்டினார்கள். டீசல் குழாயில் நின்ற காற்றையெல்லாம் வெளியேற்றினார்கள். சக்கரத்துக்கு அடியில் அத்தை எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியை என் கணவர் என்னிடம் நீட்டினார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. “ஓட்ட வேணாம். திருப்பு, போதும்.” கியரில் இல்லையே என்று கேட்டேன். இல்லை. ஹேண்ட் பிரேக்? போட்டிருக்கு. நானும் ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பினேன். இருமியது. நின்றது. மறுபடி திருப்பினேன். ஒரு கரும்புகை, பிறகு வெள்ளை, அப்புறம் புகையே இல்லை. சீராக, நாலு பிஸ்டனும் சமமாக அடிக்கும் அந்தச் சத்தம் ஸ்டியரிங் வழியாக என் கைக்கு வந்தது.

சொன்ன நாளில் வண்டி அரியலூருக்குப் போனது. அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஒரு நாள் சர்வே சார் ஒருவர் முழங்கால் வரை சேற்றோடு எங்கள் வீட்டில் காப்பி குடிக்க இறங்கினார். “எந்தப் பட்டறையில கட்டுனீங்க? பள்ளத்துலேந்து எருமை மாதிரி ஏறுது சார்” என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

“பட்டறையா? இந்தா நிக்கிறாளே, எம் மருமவ, அவ தேய்ச்ச வால்வுங்க. எட்டுல ஒண்ணுகூட ஒழுகல. நானே ஊத்தச் சொல்லிப் பாத்தேன்.”

சார் டம்ளரைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் காப்பியில் சர்க்கரை சரியா என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜையன்று அத்தை அரிவாளையும் மண்வெட்டியையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். வாங்கி, தூசி தட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு கையை மறுபடி என் பக்கம் நீட்டினார்.

“அந்தக் குச்சி எங்க?”

பரணில் இருந்தது. மகள் எட்டாத உயரத்தில் வைத்திருந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். அரிவாளுக்கும் ஜீப் சாவிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கி அதை வைத்து, ரப்பர் கப்பின் மேல் சந்தனமும் குங்குமமும் இட்டார். ரப்பர் சந்தனத்தில் ஊறி வீணாகிவிடுமோ என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. பூஜை முடிந்ததும் துடைத்துக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்தேன்.